அடிப்படை இங்கிலீஷ் கிராமர்: வேலூர்ப் பக்கம் எங்கெங்கே தடுக்குது? (அனுபவப் பகிர்வு)

காட்பாடி டியூஷன்:

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கம் அடிப்படை இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர்களும், வேலையில் தினமும் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுபவர்களும் எழுதுங்கள். 'நான் இங்கிலீஷ் கற்ற கதை' வேண்டாம். எந்த வாக்கியத்தில் தப்பு விழுகிறது, ஏன் விழுகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்பது போதும்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்த பிள்ளையிடம் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எத்தனை என்று கேட்டால், நவுனில் தொடங்கி இன்டர்ஜெக்‌ஷன் வரை எட்டும் மூச்சு விடாமல் வரும். 'தி நர்ஸ் வாட்டர்ஸ் தி பிளான்ட்ஸ்' என்று போர்டில் எழுதி, இதில் 'வாட்டர்ஸ்' என்ன என்று கேளுங்கள். 'நவுன் சார், தண்ணி' என்பான். ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத முத்திரை ஒன்று உண்டு என்ற நினைப்பில்தான் கோளாறு. தமிழில் சொல்லின் வாலைப் பார்த்தாலே அதன் வேலை தெரிந்துவிடும்: ஓடினான், ஓடிய, ஓடி, ஓட்டம். இங்கிலீஷில் ஏகப்பட்ட சொற்களுக்கு அந்த வால் கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்குத் தகுந்த வேலை. நம் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் 'பேஷன்ட்' என்ற சொல்லையே பாருங்கள். 'தி பேஷன்ட் இஸ் வெயிட்டிங்' என்றால் நோயாளி, நவுன். 'பீ பேஷன்ட்' என்றால் பொறுமையாய் இரு, அட்ஜெக்டிவ். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று.

அதனால் நவுனில் ஆரம்பிக்காமல் வெர்பில் ஆரம்பியுங்கள். வெர்பைக் கண்டுபிடிக்கக் காலத்தை மாற்றிப் பார்ப்பது ஒன்றே போதும். 'ஷி வொர்க்ஸ் இன் எ பேங்க்' என்ற வாக்கியத்தின் முன்னால் 'யெஸ்டர்டே' போடுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறது? 'வொர்க்ஸ்' 'வொர்க்ட்' ஆகிறது, அதுதான் வெர்ப். மற்றவை அசையாது. கட், புட், ஹர்ட், காஸ்ட் மாதிரி சில வெர்ப் இறந்த காலத்திலும் மாறாது. அப்போது 'டுமாரோ' போட்டு, 'வில்' எந்தச் சொல்லுக்கு முன்னால் போய் உட்காருகிறது என்று பாருங்கள். வெர்ப் கிடைத்த பிறகு 'யார், எது' என்று கேட்டால் முன்னால் இருக்கும் நவுனோ ப்ரோநவுனோ வரும். 'யாரை, எதை' என்று கேட்டால் பின்னால் இருப்பது வரும். 'தி'க்கும் நவுனுக்கும் நடுவே செருகினால் பொருந்துவது அட்ஜெக்டிவ். 'எப்படி, எப்போது, எங்கே' என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்வது பெரும்பாலும் அட்வெர்ப். 'வெரி போட்டுப் பார்' என்று சில கைடுகளில் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். 'வெரி' அட்வெர்புக்கும் முன்னால் வரும்.

குடியாத்தம் மேடம்:

சார் சொன்னதோடு 'இஸ்' தொல்லையைச் சேர்க்கணும். 'அவர் டாக்டர்' தமிழில் முழு வாக்கியம், வினையே தேவையில்லை. அப்படியே போனால் 'ஹி டாக்டர்' என்று வரும். அதைத் திருத்தி 'இஸ்' போடக் கற்றுக் கொடுத்தால் அடுத்த வாரமே எல்லாவற்றிலும் 'இஸ்' ஏறிவிடும்: 'ஹி இஸ் கோ', 'ஐ ஆம் லைக்', 'தே ஆர் ஒர்க் இன் மேட்ச் ஃபேக்டரி'. முதல் தப்பை விட இரண்டாவதைக் கழற்றத்தான் நாள் ஆகும்.

நிற்க வைக்கும் கட்டுப்பாடு இதுதான். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் பின்னால் வெறும் வெர்ப் வரவே வராது. நவுன் வரலாம் (ஹி இஸ் எ வீவர்), அட்ஜெக்டிவ் வரலாம் (ஹி இஸ் டயர்ட்), இடத்தைச் சொல்லும் தொடர் வரலாம் (ஹி இஸ் அட் ஹோம்), 'இங்' வடிவம் வரலாம் (ஹி இஸ் வீவிங்), செயப்பாட்டு வினைக்கு மூன்றாம் வடிவம் வரலாம் (தி லுங்கி இஸ் வோவன் ஹியர்). இந்த ஐந்தையும் ஒரே தறி வேலையை வைத்துச் சொன்னால் குடியாத்தம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

இதற்குப் பக்கத்திலேயே 'இருக்கு' ஒரு குழி. 'எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க' என்பதை 'ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்' என்பார்கள். உடைமை, உறவு, நோய் இவற்றுக்கு 'ஐ ஹாவ்' தான். 'ஹாவிங்' வேண்டுமானால் அது நடந்துகொண்டிருக்கும் செயலாக இருக்கணும்: 'வி ஆர் ஹாவிங் லன்ச்'. தெரியும், பிடிக்கும், வேணும், புரியுது என்கிற நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் போன்ற மனநிலை வெர்ப்களுக்கும் பொதுவாக 'இங்' ஆகாது. 'புரியுது' என்பதில் நிகழ்காலம் கேட்பதால் 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' என்று வாய் தானாகப் போகும்.

ஆற்காடு:

சின்ன விஷயம், ஆனால் இன்டர்வியூவில் மாட்டும். நாம் மரியாதைக்கு 'அவங்க' என்போம். அது 'தே' ஆகிவிடுகிறது. 'மை டீச்சர் ஆர் வெரி ஸ்ட்ரிக்ட், தே கம் அட் நைன்' என்றால் கேட்பவருக்கு எத்தனை டீச்சர் என்றே புரியாது. இங்கிலீஷ் வெர்புக்கு மரியாதை வடிவம் கிடையாது. கலெக்டரும் 'ஷி இஸ்'தான், கடைப் பையனும் 'ஹி இஸ்'தான். மரியாதையை 'சார்', 'மேடம்', 'குட் யூ ப்ளீஸ்' இவற்றில் காட்டிக்கொள்ளுங்கள்.

'எஸ்' வாலும் அதே கதைதான். போறேன், போற, போறான், போறாங்க என்று தமிழில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வால். இங்கிலீஷ் நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும் ஒரே வால். மற்ற எல்லாவற்றிலும் இல்லாததால் இதிலும் விட்டுவிடுகிறார்கள். 'தி பாய்ஸ் ரன், தி பாய் ரன்ஸ்': 'எஸ்' ஒரு பக்கம் இருந்தால் மறு பக்கம் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லலாம். 'சில்ட்ரன்', 'மென்' வரும்போது இந்தக் குறுக்கு வழி உடையும். அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'சில்ட்ரன்ஸ்' எழுதுவார்கள்.

ராணிப்பேட்டை எக்ஸ்போர்ட் டெஸ்க்:

தோல் கம்பெனிகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் மெயில்களில் திரும்பத் திரும்ப வரும் மாதிரி இது: 'வி ஹாவ் டிஸ்பாச்ட் தி லெதர்ஸ் யெஸ்டர்டே. டோட்டல் 40 பண்டில். கைண்ட்லி ரிவர்ட் பேக்.'

மூன்று வரியில் நாலு இடம். 'நேத்தே அனுப்பியிருக்கோம்' தமிழில் சரி. இங்கிலீஷில் 'ஹாவ் டிஸ்பாச்ட்' பக்கத்தில் முடிந்துபோன நேரம் வரக் கூடாது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' என்று எது வந்தாலும் 'ஹாவ்' போய்விடும்: 'வி டிஸ்பாச்ட் தி லெதர் யெஸ்டர்டே'. நேரம் சொல்லாவிட்டால் 'வி ஹாவ் டிஸ்பாச்ட்' நன்றாக நிற்கும். அடுத்து, பொருளாகச் சொல்லும்போது லெதர் எண்ண முடியாத நவுன். எண்ண வேண்டுமானால் 'பீஸஸ் ஆஃப் லெதர்', 'டூ தௌசண்ட் ஸ்கொயர் ஃபீட் ஆஃப் லெதர்'. பதப்படுத்தாத தோலான 'ஹைட்', 'ஸ்கின்' இரண்டையும் எண்ணலாம். பல ரகங்களைச் சேர்த்துச் சொன்னால் 'லெதர்ஸ்' சரிதான், எனவே அதைக் கண்ட இடமெல்லாம் அடித்துவிட வேண்டாம். மூன்றாவது, 40 வந்த பிறகு 'பண்டில்ஸ்'. தமிழில் 'நாப்பது மூட்டை' என்றால் போதும், 'கள்' கேட்காது, அந்தப் பழக்கம் இது. நாலாவது 'ரிவர்ட்'. பதில் போடு என்ற பொருள் நம் நாட்டு ஆபீஸ் வழக்கு. பழைய நிலைக்குத் திரும்பு என்பதுதான் வெளியே பலர் அறிந்த பொருள். 'ப்ளீஸ் ரிப்ளை' போதும்.

இன்னொன்று, நவுன் இன்னொரு நவுனுக்கு முன்னால் நின்று அட்ஜெக்டிவ் வேலை பார்த்தால் பொதுவாக ஒருமையில்தான் நிற்கும். 'ஷூ ஃபேக்டரி', 'ஷூஸ் ஃபேக்டரி' இல்லை. 'ஃபைவ்-ருபீ நோட்', 'ஃபைவ் ருபீஸ் நோட்' இல்லை. 'ஸ்போர்ட்ஸ் ஷூ' மாதிரி சில விலக்கு உண்டு. அட்ஜெக்டிவ் வரிசையில் அளவு, நிறம், பொருள் என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் கேட்டலாக் எழுதிவிடலாம்: 'எ ஸ்மால் ப்ளாக் லெதர் பேக்'. முழு வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை.

காந்தி ரோடு லாட்ஜ் கவுன்ட்டர்:

இங்க இங்கிலீஷ் பேசுறது ரெண்டு பக்கமும் கத்துக்குட்டிங்க. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க நிறையப் பேர் வங்காளம், பங்களாதேஷ், ஜார்க்கண்ட் பக்கம். தினம் நடக்குற பேச்சு இது:

'ஹவ் மெனி டேஸ் யூ வில் ஸ்டே?'
'மை ஃபாதர் ஹார்ட் பேஷன்ட். டாக்டர் டோல்ட் ஒன் வீக்.'

ரூம் கிடைச்சுடும், வேலை நடந்துடும். ஆனா 'மை ஃபாதர் ஹார்ட் பேஷன்ட்'ல 'இஸ் எ' காணோம் பாருங்க. வங்காளத்திலயும் நிகழ்காலத்துல 'அவர் டாக்டர்' மாதிரிதான் சொல்வாங்க, நடுவுல ஒண்ணும் வராது. குடியாத்தம் மேடம் சொன்ன அதே குழி. 'டோல்ட்'க்குப் பின்னால யார்கிட்ட சொன்னாருன்னு வரணும்: 'டோல்ட் அஸ்'. ஆள் சொல்ல வேணாம்னா 'செட் (said) ஒன் வீக்'.

கேள்வியில வரிசைதான் சிக்கல். கேள்விச் சொல், உதவி வெர்ப், ஆள், மெயின் வெர்ப்: 'ஹவ் மெனி டேஸ் வில் யூ ஸ்டே?' 'வென் வில் யூ வெகேட்?' தமிழ்ல 'எப்போ'வைச் செருகினா கேள்வி ஆயிடும், வரிசை மாத்த வேணாம், அதான். உதவி வெர்ப் இல்லாத வாக்கியத்துக்கு டூ, டஸ், டிட் கடன் வாங்கணும். கடன் வாங்குனதும் காலமும் 'எஸ்' வாலும் அதுக்குப் போயிடும், மெயின் வெர்ப் வெறும் வெர்ப் ஆயிடும். 'டிட் யூ வென்ட்' தப்பு, 'டிட் யூ கோ'. 'டஸ் ஹி வான்ட்ஸ்' தப்பு, 'டஸ் ஹி வான்ட்'. யார், எது செஞ்சதுன்னு கேக்குறப்ப மட்டும் கடன் கிடையாது: 'ஹூ டுக் தி கீ?'

வழி சொல்ற ப்ரிபோசிஷனும் இன்னாடான்னு குழப்பும். ஊருக்கு இன், ரோடுக்கு ஆன், குறிப்பிட்ட இடத்துக்கு அட்: 'இன் வேலூர், ஆன் காந்தி ரோடு, அட் தி பஸ் ஸ்டாண்ட்'. பஸ்ஸும் ட்ரெயினும் 'ஆன்', ஆட்டோவும் காரும் 'இன்'. 'ரீச்ட் காட்பாடி'ன்னா 'டு' வேணாம். 'அரைவ்ட்' போட்டா ஊருன்னா 'இன் காட்பாடி', ஸ்டேஷன்னா 'அட் காட்பாடி' வேணும். 'கோ ஹோம்'ல 'டு' வராது, ஏன்னா அங்க 'ஹோம்' அட்வெர்ப்.

வாணியம்பாடி:

'எ' (a), 'ஆன்' (an), 'தி' (the) பற்றி யாரும் தொடவில்லை. தமிழிலும் கிடையாது, இங்கே பலர் வீட்டில் பேசும் உருதுவிலும் கிடையாது. அதனால் காதுக்குப் பழக்கமே இல்லை. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்ததுதான்: ஆன் அவர், எ யூனிவர்சிட்டி, ஆன் எம்எல்ஏ. தெரிந்தும் தப்பு வருவதற்குக் காரணம் உச்சரிப்பு. பேச்சில் எ-வை 'யெ' என்றும் ஒ-வை 'வொ' என்றும் ஆரம்பிக்கிறோம். 'யெக்ஸ்ரே', 'யெம்ஆர்ஐ' என்று சொல்லும் வாய்க்கு 'எ யெக்ஸ்ரே' இயல்பாகவே வரும். முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழகணும்: ஆன் எக்ஸ்ரே, ஆன் எம்ஆர்ஐ, ஆன் ஈசிஜி, எ சிடி ஸ்கேன், எ யூரின் டெஸ்ட். ஊர்ப் பெயருக்கு 'தி' இல்லை, ஆற்றுக்கு உண்டு: வேலூர் இஸ் ஆன் (on) தி பாலார்.

காட்பாடி டியூஷன்:

நல்லாப் போகுது. தினப் பயிற்சி பற்றிக் கேட்டு மெசேஜ் வருவதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். 20 நிமிஷம், ஆறு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். வாக்கியத்தைப் பாடப் புத்தகத்தில் தேடாமல் மருந்து டப்பா, பேங்க் செலான், ரயில் டிக்கெட் இவற்றில் எடுங்கள். வெர்புக்குச் சிவப்புக் கோடு, அதைச் செய்பவருக்கு நீலக் கோடு. மிச்சச் சொற்கள் எதை ஒட்டி நிற்கின்றன என்று அம்புக்குறி. நவுன், அட்ஜெக்டிவ் என்ற பெயரைக் கடைசியில் எழுதினால் போதும். சந்தேகம் வந்தால் கற்பவர்களுக்கென்றே வரும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் அந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை போட்டிருக்கிறது என்று பாருங்கள். நவுன் என்றால் எண்ணலாமா கூடாதா என்ற குறியும் பக்கத்திலேயே இருக்கும், இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 12 டென்ஸ் அட்டவணையை முதல் வாரமே கையில் கொடுப்பதுதான் பல வகுப்புகளில் ஆளை ஓட்டுகிறது. தினசரிப் பழக்கத்துக்கான நிகழ்காலம், சாதா இறந்த காலம், 'வில்', 'இங்' இந்த நாலோடு மூன்று மாதம் ஓட்டலாம்.

லேப் டெக்னீஷியன் கோர்ஸ் மாணவி:

சார், 'ஃபாஸ்டிங் பிளட் ஷுகர்' என்று ரிப்போர்ட்டில் வருகிறதே, அதில் ஃபாஸ்டிங் என்ன? வேகமா?

காட்பாடி டியூஷன்:

வேகம் இல்லைம்மா, வெறும் வயிறு. 'ஷுகர்' முக்கியச் சொல், நவுன். 'பிளட்' நவுன்தான், ஆனால் இங்கே அட்ஜெக்டிவ் வேலை. 'ஃபாஸ்டிங்' என்பது பட்டினி இரு என்ற வெர்பின் 'இங்' வடிவம், அதுவும் முன்னால் நின்று அடை வேலை பார்க்கிறது. 'தி பேஷன்ட் இஸ் ஃபாஸ்டிங்' என்றால் வெர்பில் சேரும். 'ஃபாஸ்டிங் இஸ் நெசசரி' என்றால் நவுன் வேலை. வேகத்தைச் சொல்லும் 'ஃபாஸ்ட்' வேறு சொல். 'எ ஃபாஸ்ட் ட்ரெயின்' அட்ஜெக்டிவ், 'டோன்ட் ட்ரைவ் ஃபாஸ்ட்' அட்வெர்ப். 'ஃபாஸ்ட்லி' என்று எழுத வேண்டாம். அதே ரிப்போர்ட்டில் கீழே சாப்பாட்டுக்குப் பிந்தியது என்று வரும் 'போஸ்ட்பிராண்டியல்' அசல் அட்ஜெக்டிவ். ஆனால் 'வெரி' போட்டால் ஒட்டாது. டென்டல், மெடிக்கல் மாதிரி வகை சொல்லும் அட்ஜெக்டிவ் பொதுவாக 'வெரி'யை ஏற்காது.