முழு வட்டின் இமேஜ் கோப்பு லினக்ஸில் மவுண்ட் ஆகவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பழைய கணினியின் வன்தட்டு பழுதாகத் தொடங்கியபோது, அதிலிருந்த அனைத்தையும் டிடி கட்டளையால் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்து வைத்தேன். அதை லூப் விருப்பத்துடன் (கோப்பை ஒரு வட்டுபோல் நடத்தும் விருப்பம்) மவுண்ட் செய்ய, அதாவது உள்ளிருப்பவை தெரியும்படி கணினியுடன் இணைக்க முயன்றால், கோப்பு முறைமையின் வகை தவறு அல்லது சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) பழுது என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது. ஐஎஸ்ஓ கோப்புகளோ இதே கட்டளைக்குச் சிக்கலின்றித் திறக்கின்றன. வன்தட்டு இப்போது முற்றிலும் நின்றுவிட்டது. எஞ்சியிருப்பது இந்த நகல் ஒன்றே என்பதால், இதில் ஒரு பைட் கூட மாறாமல் கோப்புகளை எடுக்கும் வழியைக் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இமேஜ் பழுதாகியிருக்கிறது என்று இந்தச் செய்தியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஐஎஸ்ஓ கோப்பைத் திறக்கும்போது மவுண்ட் கட்டளை எதிர்பார்க்கும் இடத்திலேயே கோப்பு முறைமை இருக்கும். முழு வட்டின் நகலில் முதலில் இருப்பது, வட்டின் பிரிவுகளைப் பட்டியலிடும் பார்ட்டிஷன் அட்டவணை; கோப்பு முறைமை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. எஃப்டிஸ்க் கட்டளையைப் பட்டியல் விருப்பத்துடன் இமேஜ் மீது இயக்கினால், ஒவ்வொரு பார்ட்டிஷனும் தொடங்கும் செக்டரின் (வட்டின் சிறு சேமிப்பு அலகு) எண் தெரியும். அந்த எண்ணைச் செக்டர் அளவால் பெருக்கி, மவுண்ட் கட்டளையில் 'ஆஃப்செட்' (கோப்பின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு, பைட்டில்) மதிப்பாகக் கொடுக்க வேண்டும். தொடக்கம் 2048, செக்டர் அளவு 512 பைட் எனில் மதிப்பு 1048576. 63-இல் தொடங்கும் மிகப் பழைய வட்டுகளில் 32256.

மறுமொழி 2:
மேலே உள்ள கணக்கு சரியானதே. எனினும் பல பார்ட்டிஷன்கள் இருந்தால், கோப்பை வட்டுபோன்ற லூப் சாதனமாக இணைக்கும் லோசெட்அப் கட்டளையே எளிது. 'ஃபைண்ட்', 'ஷோ', 'பார்ட்ஸ்கேன்', 'ரீட்-ஒன்லி' ஆகிய விருப்பங்களை, ஒவ்வொன்றின் முன்னும் இரட்டைக் கோடிட்டு, இமேஜின் பெயருடன் ரூட் பயனராக இயக்குங்கள். லூப்0 என்ற சாதனம் கிடைத்தால், அதன் பார்ட்டிஷன்கள் லூப்0பி1, லூப்0பி2 என்று தோன்றும். அவற்றைத் தனித்தனியே மவுண்ட் செய்யலாம். ரீட்-ஒன்லி விருப்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் பார்ட்டிஷன் திறந்துவிட்டது. எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறைமை கொண்ட இரண்டாவதைப் படிக்க மட்டும் என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்தாலும் மறுக்கிறது. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில், மீட்பு தேவைப்படுகிறது, ஆனால் எழுதும் அனுமதி இல்லை என்ற பொருளில் வரிகள் உள்ளன.

மறுமொழி 2:
உங்கள் இமேஜைக் காப்பாற்றிய மறுப்பு இது. பழைய கணினி முறையாக அணைக்கப்படாததால், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பதிவேடு) எழுதி முடிக்கப்படாத மாற்றங்கள் தங்கியுள்ளன. எக்ஸ்ட்4-ஐப் படிக்க மட்டும் மவுண்ட் செய்தாலும், அடியிலுள்ள சாதனம் எழுதத்தக்கதாக இருந்தால், கெர்னல் முதலில் ஜர்னலை இயக்கி அம்மாற்றங்களை வட்டில் எழுதிவிடும். மவுண்ட் கட்டளையில் 'ஆர்ஓ' (ரீட்-ஒன்லி) என்று குறிப்பிட்டால் போதும் என்று பலரும் நம்பி, தடயமாக வைத்திருந்த நகலை அறியாமலே மாற்றிவிடுகிறார்கள். லூப் சாதனமே பூட்டப்பட்டிருந்ததால்தான் இங்கே அது நிகழவில்லை.

இப்போது 'ஆர்ஓ'வுடன் 'நோலோட்' விருப்பத்தையும் சேர்த்தால் ஜர்னலைத் தொடாமல் திறக்கும் (எக்ஸ்எஃப்எஸ் வகைக் கோப்பு முறைமையாக இருந்தால் 'நோரெகவரி'). ஆனால் கடைசியாக மாற்றப்பட்ட கோப்புகள் முரண்பட்ட நிலையில் தெரியலாம். இடம் இருந்தால் இமேஜை இன்னொரு கோப்பாக நகலெடுத்து, அந்த நகலை எழுதத்தக்க லூப் சாதனமாக இணையுங்கள். ஜர்னல் அங்கே இயங்கட்டும். மூல இமேஜுக்கு ஷா256சம் மதிப்பை (கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் சரிபார்ப்பு மதிப்பு) இப்போதே எடுத்து வைத்து, வேலை முடிந்தபின் ஒப்பிடுங்கள். முடிவில் அன்மவுண்ட் செய்த பிறகே லோசெட்அப் கட்டளையின் 'டிடாச்' விருப்பத்தால் சாதனத்தை விடுவிக்க வேண்டும்.

கேட்டவர்:
நோலோட் விருப்பத்தில் பெரும்பாலான கோப்புகள் கிடைத்தன. கடைசியாகப் பயன்படுத்திய ஓர் அடைவு மட்டும் பிழை காட்டியது. நகலில் ஜர்னல் இயங்கிய பின் அந்த அடைவும் முழுமையாகத் திறந்தது. மூல இமேஜின் ஷா256சம் மதிப்பு மாறவில்லை. இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.