ஊர் வாலிபால் கிளப்: பணமும் பொருளும் எங்கே கேட்பது?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு கிராமம், 20 பையன்கள். புறம்போக்கில்தான் ஆடுகிறோம். கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் நிதி (சமூகப் பணிக்கு அவர்கள் ஒதுக்கும் பணம்) நேரடியாகக் கிடைக்குமா?

லிபரோ: இப்போதைக்குக் கிடைக்காதுங்க. வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு மூன்றும் வேண்டும். அதோடு மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். முதலில் கிளப்பை 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். குறைந்தது 7 பேர் தேவை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுத்தான் பல சங்கங்கள் படுத்துவிடுகின்றன.

கடைசிப்பந்து: பந்து, வலைக்குப் பணம் தேடாதீர்கள். தமிழக அரசின் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பல ஊர்களில் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எம்எல்ஏ தொகுதி நிதி கிளப் கணக்குக்கு வராது. பொது இடத்தில் வேலையாகத்தான் நடக்கும். அதனால் இடத்துக்கு ஊராட்சித் தீர்மானம் முதலில்.

லிபரோ: ஆமாம். இடம் அளக்கும்போது 18×9 மீட்டர் கோர்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24×15. வலைக் கம்பம் பக்கக் கோட்டிலிருந்து அரை முதல் ஒரு மீட்டர் தள்ளி; கோட்டிலேயே நட்டால் கை, முட்டி போகும்.