ஒரே டாங்கோ, பல இசைக்குழுக்கள்: எந்தப் பதிவை மூலமாகக் கொள்வது?

கேள்வி: வயலின் மாணவி

1935 முதல் 1955 வரை இயங்கிய பியூனோஸ் ஐரிஸ் டாங்கோ இசைக்குழுக்களின் பதிவுகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். ஹுவான் தாரியென்ஸோ, கார்லோஸ் தி சார்லி, ஆனிபால் திரொய்லோ, ஒஸ்வால்தோ புக்லியேசே ஆகிய நால்வரின் குழுக்களையும் இப்போது கேட்ட மாத்திரத்தில் ஓரளவு பிரித்தறிய முடிகிறது. ஆனால், இசையமைப்பாளர் என்று இசைத்தட்டில் அச்சிடப்பட்டிருப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருக்கிறார். ஒரே மெட்டை நான்கைந்து குழுக்கள் வாசித்திருக்கின்றன. ஒரே குழு பத்தாண்டுகள் கழித்து அதை மீண்டும் பதிவு செய்திருப்பதும் உண்டு. இவற்றுள் எதை மூல வடிவமாகக் கொண்டு மற்றவற்றை ஒப்பிடுவது? மேலும், ஒரே பதிவு இரண்டு வெளியீடுகளில் வெவ்வேறு சுருதியில் ஒலிப்பதற்குக் காரணம் என்ன?

மறுமொழி: பழந்தட்டு நேயர்

மூல வடிவம் என்ற ஒன்றைத் தேடுவதையே விட்டுவிடுங்கள் என்பேன். கடைகளில் அச்சுத்தாளாக விற்கப்பட்ட டாங்கோ, பியானோவுக்கென எழுதப்பட்ட, இரண்டு அல்லது மூன்று பகுதிகள் கொண்ட சிறு மெட்டு மட்டுமே. நான்கு பந்தோனியோன் (துருத்தியால் இயங்கும் கைவாத்தியம்), நான்கு வயலின், ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ் என்று அமைந்த குழு அதை எப்படிப் பகிர்ந்து வாசிக்க வேண்டும் என்பதைக் குழுத் தலைவரும் இசைக்கோர்ப்பாளருமே முடிவு செய்தனர். ஒரே கிருதியைப் பலர் பாடக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே வேறுபாடு மேடையில் பிறக்கும் மனோதர்மத்தால் வருவதன்று, முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்த இசைக்கோர்ப்பால் வருவது.

'ரெகுவேர்தோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். புக்லியேசே அதை இளம் வயதில் எழுதினார். அவர் அப்போது உரிய வயதை எட்டாததால் அது தந்தை அதோல்ஃபோ புக்லியேசேயின் பெயரில் வெளியானது. ஹூலியோ தெ காரோ தம் அறுவர் குழுவுடன் 1926இல் அதைப் பதிவு செய்தார். புக்லியேசேயின் சொந்தக் குழு அரங்கேறியதோ 1939இல். அது இசைத்தட்டுக்கு வந்தது 1943இல். 'ரெகுவேர்தோ'வை அவரே பதிவு செய்தது 1944இல். இயற்றியவரின் கையால் வந்ததுதான் மூலம் என்றால், பதினெட்டு ஆண்டுகள் முந்திய தெ காரோவின் பதிவை நகல் என்று சொல்ல நேரும். அதைவிட, தெ காரோவின் நுணுக்கமான உரையாடல் போன்ற வாசிப்பு புக்லியேசேயிடம் எவ்வாறு கனமேறி, தாளத்தை இழுத்தும் விடுத்தும் செல்லும் நாடகத்தன்மை கொண்டதாக மாறியது என்று கேட்பது பயன் தரும்.

தி சார்லியைக் கேட்கும்போது அவரை அவருடனேயே ஒப்பிட வேண்டும். ரொபெர்தோ ஃபிர்போ இயற்றிய 'எல் அமனெசேர்' என்னும் மெட்டை அவர் 1942, 1951, 1954 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்தார். விடியற்காலைப் பறவைகளின் ஒலியை வயலின்கள் எழுப்பும் இடம் மூன்றிலும் உண்டு. எனினும், 1942இன் பதிவில் நடை சற்று விரைவாகவும் தாள அழுத்தம் கூர்மையாகவும் இருக்கின்றன. ஐம்பதுகளின் பதிவுகளிலோ காலப்பிரமாணம் தணிந்து, வயலின்கள் அனைத்தும் ஒரே குரலாகத் திரண்டு மெட்டை ஏந்திச் செல்ல, பந்தோனியோன்கள் பெரும்பாலும் தாளத்தைத் தாங்கும் வேலையோடு நின்றுவிடுகின்றன. சொற்றொடர்களின் இடைவெளியை நிரப்பும் பியானோவின் இடக்கை தி சார்லியுடையது. அந்த இடக்கையை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நீங்கள் வயலின் மாணவி என்பதால் இதை வலிந்து சொல்கிறேன்.

தாரியென்ஸோவைப் பொறுத்தவரை, 1935ஆம் ஆண்டின் இறுதியில் ரொடோல்ஃபோ பியாஜி பியானோவில் அமர்ந்தது முதல் 1938இல் விலகியது வரையுள்ள பதிவுகள் போதும். பிந்தியவை அதே வித்தையைக் கூடுதல் சத்தத்தோடு செய்பவை.

மறுமொழி: வரிகளின் வாசகர்

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தாரியென்ஸோவின் பிற்காலத்தை ஒரே வரியில் தள்ளியதை மட்டும் ஏற்க இயலவில்லை. 'லா கும்பர்சிதா'வை அவர் 1937, 1943, 1951 ஆகிய ஆண்டுகளில் செய்த பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், பியாஜி விலகிய பின்னரும் அக்குழு வளர்ந்தது என்பது விளங்கும்.

பாடகர்களை விட்டுவிட்டு டாங்கோவின் இந்தப் பொற்காலத்தைப் பேசவும் கூடாது. முப்பதுகளின் நடனப் பதிவுகளில் பாடகர் பல்லவியை மட்டும் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 1941 முதல் திரொய்லோவும் பிரான்சிஸ்கோ ஃபியொரென்தினோவும் செய்த பதிவுகளில் பாடகரின் குரல் பாடலின் பெரும்பகுதிக்கு நீண்டு, குழுவின் இன்னொரு வாத்தியமாகவே ஆகிவிடுகிறது. 'லோஸ் மரேயாதோஸ்' ('போதையேறியவர்கள்') இதற்கு நல்ல சான்று. ஹுவான் கார்லோஸ் கோபியான் அந்த மெட்டை 1922இல் வேறு தலைப்பிலும் வேறு வரிகளோடும் வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ மறக்கப்பட்ட அதற்குத் திரொய்லோவின் விருப்பத்தால் என்ரிக்கே காதிகாமோ புதிய வரிகளை எழுத, 1942இல் அது இசைத்தட்டானது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த இராணுவ அரசின் காலத்தில் கொச்சை வழக்குக்கும் குடியைப் பற்றிய பேச்சுக்கும் வானொலியில் தடை இறுகவே, அதே மெட்டு 'என் மி பசாதோ' என்ற தலைப்பில் திருத்திய வரிகளோடு ஒலிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் சில பதிவுகள் கைக்கு அகப்படாமல் போகும்.

திரொய்லோவின் குழுவில் இளைஞராக இருந்த ஆஸ்தோர் பியாசோல்லா எழுதித் தந்த இசைக்கோர்ப்புகளிலிருந்து பல சுரங்களைத் திரொய்லோ அழிப்பானால் நீக்கிவிடுவார் என்ற செய்தி பரவலாக அறியப்பட்டதே. ஆடுவோரின் கால்களை அவர் மறக்கவில்லை.

மறுமொழி: ஒலிப்பதிவு ஆர்வலர்

சுருதி பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. இவை அனைத்தும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளாக, பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் என்ற அளவில் வெளிவந்தவை. பிற்கால வெளியீடுகள் பல, சேகரிப்பாளர்களிடம் இருந்த அரக்குத் தட்டுகளிலிருந்தோ பழைய எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டுகளிலிருந்தோ பிரதி எடுக்கப்பட்டவை. பிரதி எடுக்கும்போது தட்டு 78 சுழற்சிக்குப் பதிலாக 82.6 சுழற்சியில் ஓடினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். காலப்பிரமாணமும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு விரைவாகும். ஐம்பது, அறுபதுகளின் எல்பி வெளியீடுகள் சிலவற்றில் செயற்கை எதிரொலியும் சேர்க்கப்பட்டது. அத்தகைய பிரதியில் தி சார்லியின் பியானோ குளியலறையில் வாசிப்பது போலக் கேட்கும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பந்தோனியோனின் சுருதி உலோக நாக்குகளால் நிலைப்படுத்தப்பட்டது; வயலினைப் போல வாசிப்பவர் அதை நினைத்தவுடன் மாற்ற முடியாது. எனவே, உங்கள் வயலினை வழக்கமான சுருதியில் கூட்டிக்கொண்டு பதிவோடு சேர்ந்து வாசியுங்கள். பதிவு இரண்டு சுரங்களுக்கு இடையில் தொங்கினால், பிரதியின் வேகம் பிழையானது என்று ஐயுறலாம். முழு அரைச்சுரம் விலகிய பிரதி இச்சோதனையில் தப்பிவிடும் என்பதால், அச்சுத்தாளின் சுரத்தானத்தோடும் ஒத்துப் பாருங்கள். ஆயினும் பாடகருக்காகக் குழுக்கள் சுரத்தானத்தை மாற்றுவது வழக்கம் என்பதால், வாத்தியப் பதிவுகளிலேயே இது ஓரளவு நம்பத்தக்கது.

கேட்டவர் மீண்டும்: வயலின் மாணவி

அனைவருக்கும் நன்றி. 'லா யும்பா'வைப் புக்லியேசே 1946இலும் 1952இலும் பதிவு செய்திருக்கிறார். கற்பதற்கு எது ஏற்றது?

மறுமொழி: பழந்தட்டு நேயர்

முதலில் 1952. ஒன்றாம் மூன்றாம் அடிகளில் குழு முழுவதும் அழுந்தி இறங்க, இரண்டாம் நான்காம் அடிகளில் பியானோவின் கீழ்ச்சுரம் மங்கலாக முழங்குவதுதான் அந்த மெட்டின் உயிர். அந்த முழக்கமும் டபுள் பாஸும் இப்பதிவில் தெளிவாகக் கேட்கின்றன. அந்த அமைப்பு காதில் பதிந்த பிறகு 1946க்குச் செல்லுங்கள். ஒலித்தரம் குறைந்தாலும் அதன் முரட்டு வேகம் எனக்கு அதிகம் பிடிக்கும்.