புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்கா டர்பனில் மச்சானுக்கு வேலையிடத்தில் கை அடிபட்டது

பேக்கரியில் மாவு உருட்டும் மெஷினில் மச்சானுக்கு விரல் நசுங்கியது, முதலாளி ‘சிக் லீவு போட்டுக்கொள்’ என்கிறார், என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பதில் போட்டவர்களில் சாட்ஸ்வர்த் (டர்பன் புறநகர்) அக்கா சொன்னதுதான். விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி, வேலையில் அடிபட்டவர்களுக்குப் பணம் தரும் அரசு நஷ்டஈட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கையை விரித்தால் தொழிலாளியே நஷ்டஈடு கேட்கும் டபிள்யூ.சிஎல்.3 (W.Cl.3) படிவம் கொடுக்கலாம். லேபர் சென்டரில் (தொழிலாளர் துறை அலுவலகம்) கொடுத்து, சீல் குத்திய நகலை முதலாளியிடம் காட்டினோம். அவர் பேச்சே மாறிவிட்டது! கழித்த சிக் லீவையும் திருப்பிப் போட்டார்கள்.

எதிர்பாராத விஷயம்: முதல் 3 மாதம் சம்பளத்தில் 75 சதவீதத்தை முதலாளிதான் தரவேண்டும், பிறகு நிதியிடம் அவர் வாங்கிக்கொள்வார். பணம் வர ஆரம்பித்துவிட்டது.

கேஸ் போடச் சொன்ன தம்பிக்கு: இந்த நஷ்டஈட்டுக்கான 1993ஆம் வருடச் சட்டத்தின் 35ஆம் பிரிவு முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்கைத் தடுக்கிறது. ஆனால் அவர் கவனக்குறைவு என்றால் 56ஆம் பிரிவில் கூடுதல் தொகை கேட்கலாம். மெஷினின் காப்புத் தகடு கழன்றே கிடந்தது, போட்டோ இருக்கிறது, கேட்கப்போகிறோம்.

டாக்டரின் முதல் ரிப்போர்ட்டை வாங்கியதுமே படித்துப் பாருங்கள். எங்களுக்கு இடது கையை வலது என்று எழுதியிருந்தார். திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.