1930களில் பர்மா விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு எப்படிப் போனது?

சிராவயல்காரன் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பர்மாக்காரர் ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், தங்கமான மனுஷன். போன வாரம் சாப்பிடும்போது ஊர்ப்பேச்சு வந்தது. நான் காரைக்குடிப் பக்கம் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பாட்டனார் நிலம் பியாப்பொன் பக்கம் இருந்தது, அதைச் செட்டியார்தான் எடுத்துக்கிட்டார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்தது வேறு கதை, பர்மாவில் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் போச்சு, உயிர் தப்பி வந்ததே பெரிசு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். இரண்டில் எது உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவரிடம் திரும்பப் பேச வேண்டும்.

ஐராவதி_வாசகன்:

அவர் சொன்னது உண்மை. உங்கள் ஊரில் சொன்னதும் உண்மை. ஆனால் உங்கள் ஊர்க்கதை பெரும்பாலும் 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததற்குப் பிந்தியது, அவர் சொல்வது அதற்குப் பத்து வருஷம் முந்தியது.

கீழ்ப் பர்மாவின், அதாவது தெற்குப் பர்மாவின், 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் வசம் இருந்தது சுமார் 5.7 லட்சம் ஏக்கர், அதாவது சாகுபடியில் இருந்த நிலத்தில் 6 சதவீதம். 1937-ல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டி 25 சதவீதம் ஆகிவிட்டது. நாலில் ஒரு பங்கு நிலம், ஏழே வருஷத்தில். உங்கள் நண்பரின் பாட்டனார் நிலம் அந்தக் கணக்கில்தான் எங்கேயோ இருக்கும்.

எப்படி நடந்தது என்றால், முதலில் ஐராவதி டெல்டா நெல் பூமியாக உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். 1852-ல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது அங்கே பாதிக்கு மேல் சதுப்பும் காடும். அதை வெட்டித் திருத்தி நெல் போட்டவர்கள் பர்மியக் குடியானவர்கள், பலர் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்தவர்கள். எண்பது வருஷத்தில் நெல் பரப்பு பத்து மடங்கு ஆனது, வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசி கப்பலேறியது. காடு வெட்ட, மாடு வாங்க, நடவுக்கு ஆள் வைக்கக் கடன் வேண்டும். வெள்ளைக்கார பேங்குகள் குடியானவனை வாசலில்கூட நிற்க விடவில்லை. கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930-ல் பர்மாவில் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. வட்டியில் அவர்கள்தான் இருந்ததிலேயே குறைவு. மற்றவர்களிடம் 'சபாபே' கடன் என்று ஒன்று உண்டு, நடவு நேரத்தில் வாங்கி அறுவடையில் நெல்லாகத் திருப்ப வேண்டும், அந்தக் கணக்கில் குடியானவன் எழுந்திருக்கவே முடியாது.

சரி, கடன் கொடுத்தார்கள், அடமானம் நிலம். நெல் விலை நன்றாக இருந்தவரை வட்டி வந்தது, அசலைப் பற்றி இரண்டு பக்கமும் கவலைப்படவில்லை. 1930 கடைசியில் உலகப் பொருளாதார மந்தம் வந்து விலை சரிந்தது, 1931 அறுவடைக்குக் கிடைத்தது இருபதுகளின் நடுவில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. கடனும் வட்டியும் வரியும் ரூபாயில் அப்படியே நிற்கின்றன, நெல் மட்டும் பாதி. போதாக்குறைக்கு அரிசியை வாங்கும் பெரிய கம்பெனிகள் முன்பே கூட்டு வைத்திருந்தன. ஸ்டீல் பிரதர்ஸ் உட்பட நான்கு ஐரோப்பியக் கம்பெனிகள் 1921-லேயே 'புல்லிங்கர் பூல்' என்று சேர்ந்து, யாரும் யாரையும் மிஞ்சி விலை கேட்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டன. இதை யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதுதான் ஆறாத விஷயம்.

பேரேடு:

ஐராவதி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பாட்டையா அந்தப் பக்கம் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்துபவராக, இருந்தவர். மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள், குடும்பம் ஊரில். அவர் எழுதிய ஏடு ஒன்று வீட்டில் பட்டாலைப் பெட்டியில் கிடந்தது, போன கோடையில் உட்கார்ந்து வாசித்தேன்.

முதல் பாதி முழுக்க வட்டி வரவு. தேதி, பெயர், ரூபாய், அவ்வளவுதான். மாசியில் பக்கம் நிறைய வரவு, ஆடியில் பக்கம் நிறையப் பற்று. பயிரோடு ஏடும் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். 1931 மாசிக்குப் புரட்டினால் வரவு பத்தியில் ரூபாயே இல்லை. அந்த இடத்தில் ஏக்கர் எழுதியிருக்கிறார். "நிலம் வரவு" என்று.

பணக்காரர்கள் நிலம் சேர்த்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடைப் பணத்தில் பாதி ஊர் ஆச்சிமார் சீர்ப்பணமும் கோயில் பணமும், அதற்கு மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும். நெல் விளையும் நிலத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கட்டுவது? "நிலம் வேண்டாம், பணம் வேண்டும்" என்று பாட்டையா ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்று ஏட்டுக்குள்ளேயே மடித்து இருந்தது.

தெருப்பாடகன்1:

ரெண்டு பேரும் செட்டியார் பக்கத்துச் சங்கடத்தை நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் கேட்டவர் பர்மாக்காரரிடம் பேசப் போகிறார், அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

1930 என்பது அந்த மக்களுக்கு என்ன வருஷம் என்று பாருங்கள். மே 5-ம் தேதி பெகுவில் பூகம்பம், ஊரே விழுந்தது. அதே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள், கம்பெனிகள் அந்த இடத்தில் பர்மியர்களைப் பிடித்துப் போட்டன. முதல் தடவையாக அவர்களுக்குத் துறைமுகத்தில் வேலை. வேலைநிறுத்தம் முடிந்ததும் "நீங்கள் போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மே 26 காலை கலவரம் வெடித்தது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். பசித்த ரெண்டு கூட்டத்தை மோதவிட்டுக் கம்பெனிக்காரன் தள்ளி நின்றான். எங்கள் தாத்தா அந்த ஊரில் தச்சராக இருந்தவர், அந்த நாலு நாள் கதவைத் திறக்கவில்லை என்று சொல்வார். (1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மியர்கள் சொந்த நாட்டின் தலைநகரில் அவர்களே சிறுபான்மை.)

அப்புறம் டிசம்பர். கீழ்ப் பர்மாவில் தலைவரி உண்டு, கல்யாணமானவனுக்கு 5 ரூபாய், ஆகாதவனுக்கு இரண்டரை. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். தராவடி மாவட்ட மக்கள் தற்காலிக கவர்னரிடம் வரியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவர் மறுத்துவிட்டார், அவரும் ஒரு பர்மியர்தான். மறுநாள் ராத்திரி, டிசம்பர் 22, சயா சான் என்பவர் தலைமையில் குடியானவர்கள் கலகம் தொடங்கியது. கருடனைப் பச்சை குத்திக்கொண்டால் குண்டு துளைக்காது என்று நம்பித் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள். 1931 நவம்பரில் சயா சானைத் தூக்கில் போட்டார்கள். அவருக்காக வாதாடிய வக்கீல் பா மா, 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது முதல் பிரதமர் ஆனார். அதற்கு முன் நடந்த தேர்தலில் நிலப் பிரச்சினை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செட்டியாருக்கு நிலம் வேண்டாம் என்பது நிஜமாகவே இருக்கட்டும். காடு வெட்டிக் கழனி ஆக்கியவனுக்கு அந்தக் கடிதம் தெரியாது. அவன் கண்ணில் பட்டது கோர்ட் நோட்டீஸ்.

சிராவயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தெருப்பாடகன் அண்ணே, நீங்கள் சொன்னது உறைத்தது. பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி: நிலம் வேண்டாம் என்றால் விற்றிருக்கலாமே? நிலத்தை இழந்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள், ஏட்டில் ஏதாவது இருக்கிறதா?

பேரேடு:

விற்கப் பார்த்தார்கள் தம்பி. வாங்க யார் இருந்தார்கள்? எல்லார் கையும் காலி, பேங்குகளும் செட்டியார்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அடிமாட்டு விலைக்கு விற்றால் ஆச்சிமாருக்கு என்ன பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். விலை ஏறும் என்று காத்திருந்ததில் 1942 வந்துவிட்டது, 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது.

தெருப்பாடகன் தம்பி சொன்னதை மறுக்கவில்லை. ஏட்டிலேயே இருக்கிறது. 1927-ல் கடன் பக்கத்தில் ஒரு பெயர் வருகிறது, மாடு வாங்க 150 ரூபாய். 1929-லும் வருகிறது, வட்டி ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். 1931-ல் அதே பெயருக்கு நேரே நிலம் வரவு, 22 ஏக்கர். 1932-ல் குத்தகைப் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியில் அதே பெயர், அதே 22 ஏக்கர், இத்தனை கூடை நெல் என்று. தான் திருத்திய நிலத்துக்குத் தானே குத்தகைக்காரர். 1934-ல் அந்த நிலத்துக்கு நேரே வேறு பெயர் இருக்கிறது, அவர் எங்கே போனார் என்று பாட்டையா எழுதவில்லை. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் நண்பரிடம் காட்டுங்கள், ஊர்ப் பெயர் பர்மிய உச்சரிப்பில் எழுதியிருக்கிறது, அவருக்குத்தான் சரியாகப் படிக்க வரும்.