இலங்கைக்கு நீர்மூழ்கி தேவையா? வன்னியிலிருந்து ஒரு சண்டை

மாங்குளத்தான்:
2024இல் மட்டும் மூன்று இந்திய நீர்மூழ்கிகள் கொழும்புக்கு வந்து போயின. பெப்ரவரியில் கரஞ்ச், ஓகஸ்டில் ஷால்கி, நவம்பரில் வேலா. 2014இல் சீன நீர்மூழ்கி ஒன்று அதே துறைமுகத்துக்கு வந்தபோது டில்லி எவ்வளவு கோபப்பட்டது என்பது ஞாபகம் இருக்கும். பங்களாதேஷ் சீனாவிடம் இரண்டு பழைய மிங் வகை நீர்மூழ்கிகளை ஏறக்குறைய 203 மில்லியன் டொலருக்கு வாங்கி 2017இல் கடலில் இறக்கிவிட்டது. மியான்மருக்கு 2020இல் இந்தியா "கிலோ" வகை நீர்மூழ்கி ஒன்றைக் கொடுத்தது. அடுத்த வருடமே சீனா ஒரு மிங்கைக் கொடுத்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் நீர்மூழ்கி இல்லாதது இலங்கை மட்டும்தான். யார் வந்தாலும் வாசலில் நின்று மாலை போடுவதுதான் எங்கள் வேலையா? இரண்டு வாங்கினால் என்ன என்று கேட்கிறேன்.

இரணைமடு:
தம்பி, இரண்டு வாங்கினால் ஒன்று கூடக் கடலில் நிற்காது. நான் சரக்குக் கப்பலில் இருபது வருடம் எஞ்சின் அறையில் கிடந்தவன், நீர்மூழ்கியில் வேலை செய்ததில்லை. ஆனால் எந்தக் கலத்துக்கும் கணக்கு ஒன்றுதான். ஒன்று காவலில் நிற்க, ஒன்று பயிற்சியில் நிற்க, ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். அப்படியென்றால் குறைந்தது மூன்று வேணும். அதற்குத் தனி இறங்குதுறை, பற்றரி மாற்றும் வசதி, டொர்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் குண்டுக்குப் பட்டறை, மூழ்கினால் ஆட்களை மீட்கும் கப்பல் என்று வால் நீண்டுகொண்டே போகும். வாங்குகிற விலை கலியாண வீட்டுப் பந்தல் செலவு மாதிரி. அப்புறம் குடும்பம் நடத்துவதற்குத்தான் காசு வேணும்.

மாங்குளத்தான்:
அண்ணை, இப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு நாடும் ஒன்றும் வாங்க முடியாது. 1982 போக்லண்ட் போரைப் பாருங்கள். ஆர்ஜென்டினாவிடம் வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தது சான் லூயிஸ் என்ற ஒரேயொரு ஜேர்மன் தயாரிப்பு நீர்மூழ்கி. அதைத் தேடித் தேடியே பிரித்தானியக் கப்பற்படை எத்தனை டொர்பிடோவையும் ஆழ்வெடியையும் கொட்டியது! திமிங்கிலத்துக்கும் அடி விழுந்தது. பிடிக்க முடிந்ததா? மறுபக்கம் பிரித்தானிய நீர்மூழ்கி கொன்கரர் மே 2ஆம் திகதி ஜெனரல் பெல்கிரானோ என்ற ஆர்ஜென்டினாப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதோடு ஆர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரைக்குத் திரும்பிவிட்டன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒரு கடற்படையையே கட்டிப்போட்டது. சின்ன நாட்டுக்கு இதைவிட மலிவான காவல் எது?

இரணைமடு:
நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே சான் லூயிஸ் சுட்ட டொர்பிடோ ஒன்றாவது பட்டதா? குறிவைக்கும் கணினி பழுது. டொர்பிடோவை வழிநடத்தும் கம்பி அறுந்தது. ஒளிந்திருக்கத் தெரிந்தது, அடிக்கத்தான் முடியவில்லை. நான் சொல்லும் "வால்" இதுதான்.

இந்தியாவையே எடுங்கள். ஆறு ஸ்கோர்பீன் வகை நீர்மூழ்கிகளுக்கு 2005இல் ஒப்பந்தம் போட்டார்கள். முதலாவதான கல்வாரி சேவைக்கு வந்தது 2017 டிசம்பர், ஆறாவது வாக்‌ஷீர் 2025 ஜனவரி. இருபது வருடம். அதற்கென்று தெரிவு செய்த டொர்பிடோவின் கொள்வனவும் இடையில் ரத்தாகியது. தயாரிப்பாளரின் தாய் நிறுவனம் வேறொரு பேரத்து ஊழலில் மாட்டியதுதான் காரணம். புதுக் கலத்துக்குப் பழைய டொர்பிடோவை ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். தாய்லாந்து 2017இல் சீனாவிடம் ஒன்றுக்குக் கையெழுத்து வைத்தது. அதற்குள் வைக்க இருந்தது ஜேர்மன் எஞ்சின். சீனாவுக்கு ஆயுதம் விற்க ஐரோப்பா 1989இலிருந்து போட்டிருக்கும் தடையால் எஞ்சின் வரவில்லை. வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் சீன எஞ்சினுக்கே தலையாட்டினார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் காசு இருக்கிறது.

வவுனியா ரீச்சர்:
நான் உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன், ஆயுத விவகாரம் தெரியாது. ஒரு விஷயத்தில் மாங்குளத்தானுக்குக் கொஞ்சம் ஆதரவு. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொட்டுகிற நன்னீர் மேலே ஒரு படலமாக நிற்கும். கீழே உப்புக் கூடின நீர். ஆழத்தோடு உப்பும் வெப்பமும் மாறும்போது ஒலியின் வேகமும் மாறும், ஒலி வளையும். மேலே நிற்கும் கப்பலின் சோனார், அதாவது ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி, கீழே இருப்பதைத் தவற விடலாம். ஒளிய இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் அங்கிருந்துதான் மலாக்கா நீரிணை வரை போய் வந்தன. வடக்கே பாக்கு நீரிணை வேறு கதை. அங்கே ஆழம் குறைவு, நீர்மூழ்கி முதுகு தண்ணிக்கு மேலே தெரியத்தான் போக வேணும்.

கள்ளப்பாடு:
ரீச்சர் சொன்ன நீர்ப்படலம் புத்தகத்தில் என்னவோ, எங்களுக்குத் தெரியும். மாரியில் வடக்கிலிருந்து நீரோட்டம் இறங்கும்போது தண்ணியின் நிறமும் மாறும், மீனும் மாறும்.

எனக்கு வேறு பயம். 2024 நவம்பரில் கோவாவுக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகும் இந்திய ஸ்கோர்பீன் ஒன்றும் மோதின. படகில் 13 பேர், உடனே காப்பாற்றியது 11 பேரை. நீர்மூழ்கி மேலே வருகிறது என்று ஒரு மீனவனுக்கு யார் சொல்வது? முல்லைத்தீவிலிருந்து நாங்கள் போவது பைபர் படகில். ஒரு விளக்கு, ஒரு கைபேசி, அவ்வளவுதான். இந்திய இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இழுவை மடியை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தும் அது நிற்கவில்லை. அதை நிறுத்த டொர்பிடோ வேணுமா? எரிபொருள் உள்ள ரோந்துப் படகு போதும். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்தோம். அந்த வருடம் ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று சொன்ன நாடுதானே இது?

மாங்குளத்தான்:
கள்ளப்பாடு அண்ணை, உங்கள் கோபம் விளங்குது. இழுவைப்படகுக்கு நீர்மூழ்கி மருந்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1971இல் பாகிஸ்தானின் காசி என்ற நீர்மூழ்கி, விசாகப்பட்டினத்துக்குப் போக இந்தத் தீவைச் சுற்றித்தான் வந்தது. வந்ததை இங்கே யாராவது கண்டார்களா? அன்று கண்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இன்றும் அதே நிலைதான்.

இரணைமடு:
இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். "கண்டார்களா" என்றுதான் கேட்டீர்கள், "அடித்தார்களா" என்று கேட்கவில்லை. முதலில் வேண்டியது காதும் கண்ணும். 2022 ஓகஸ்டில் இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் கொடுத்தது. 2024இல் அமெரிக்கா ஒரு கிங் எயார் கொடுத்தது. எல்லாம் இரவல் கண்தான். அவை மேற்பரப்பைத்தான் பார்க்கும். நீருக்கடியில் கேட்க இழுத்துச் செல்லும் சோனார், கடலடி ஒலிவாங்கி, அந்த ஒலியைப் பிரித்தறியப் பழகிய ஆட்கள் வேணும். ஒரு நீர்மூழ்கியின் காசில் இதில் நிறையச் செய்யலாம். ரீச்சரின் மாணவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

இன்னொன்று, உயிர். 2017இல் ஆர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு போனது. சுவாசக் குழாய் வழியாகக் கடல்நீர் பற்றரிக்குள் போனதாகத்தான் அதிலிருந்து வந்த கடைசிச் செய்தி. 2021இல் இந்தோனேசியாவின் நங்காலா, 53 பேர், 800 மீற்றருக்கும் கீழே மூன்று துண்டாகக் கிடந்தது. அது நாற்பது வருடப் பழசு. எங்களுக்குக் கிடைக்கப்போவதும் பழசுதான்.

வவுனியா ரீச்சர்:
"எங்களுக்கு" என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கவில்லையா, அண்ணை?

இரணைமடு:
தயங்கியது, ரீச்சர். புதுக்குடியிருப்பில் போருக்குப் பிறகு காட்சிக்கு வைத்திருந்த புலிகளின் சின்ன நீர்மூழ்கிக் கலங்களைப் பார்த்தபோதும் தயங்கியது. ஆனால் கடன் கட்டும்போது யாரும் ஊர் கேட்பதில்லை. பருப்பு விலையில் எல்லாரும் சேர்ந்துதான் கட்டுகிறோம்.

மாங்குளத்தான்:
சரி, ஒலிவாங்கி முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கத் தெரிந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதைப் பத்து வருடம் கழித்துத் தொடங்கினால் கலம் வர இன்னும் இருபது வருடம்.

கள்ளப்பாடு:
அந்த ஒலிவாங்கியைக் கடலடியில் போடுகிற நாளில், எங்கே போட்டிருக்கிறது என்று சங்கத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எங்கள் வலைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.