பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை சரியா எடுக்கலை, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் தங்கச்சிமடம். தங்கச்சி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுது, பாதி வகுப்பிலேயே அறுந்துடுது. பாவம், ரொம்பச் சோர்ந்துபோறா. அதே மேசையில் போனை வச்சு அதே வைஃபைல போட்டா வீடியோ நிக்காம ஓடுது. அதனால லைன்ல குறை இல்லை.

ரூட்டர் முன்னறையில், நடுவுல ரெண்டு கனத்த சுவர். வைஃபை அலைவரிசைல 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும்னு 2.4-லதான் வச்சிருக்கோம். சேனலையும் 1, 6, 11-ன்னு மாத்திப் பார்த்தாச்சு. டெஸ்க்டாப்புக்கு வைஃபை எடுத்துக் கொடுக்கிற அடாப்டர் நகத்தளவு யூஎஸ்பி. சிபியூவுக்குப் பின்னாடி செருகியிருக்கு, இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்குது. உப்புக்காத்துல போர்ட் ஓரமெல்லாம் துரு, தொட்டா பழுப்புப் பொடி விரல்ல ஒட்டுது.

யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரை மேசைக்கு மேல ஏத்தினா போதுமா? இல்ல, சிபியூவுக்குள்ள மாட்டி, வெளியே ஆன்டெனா நீட்டுற பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டுதான் வாங்கணுமா? ரூட்டர்ல இருந்து நேரா லேன் கேபிள் இழுக்கிறதுதான் உறுதின்னு தெரியும். ஆனா வாடகை வீடு, சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கலை.

மண்டபம், கீழக்கரைன்னு கடலோரத்துல இருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது போர்ட் துருவை எதை வச்சுத் துடைக்கிறீங்கன்னும் சொல்லுங்க.